இன்ச் டேப்பில் தொடங்குவோம்

ஆண்களின் ஹார்மோனும் வளர்சிதை மாற்றமும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

ஆண்களின் ஹார்மோன் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று அறிவித்ததும் வந்து சேர்ந்த கடிதங்களில் பாதிக்கு மேல், "டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கிறது, ஊசி போட்டுக்கொள்ளலாமா?" என்ற ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்களாகவே இருந்தன. ஆகவே அந்தக் கேள்விக்கு நீளமாகவும், மற்றவற்றுக்குத் தேவையான அளவிலும் பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 43. கணினி முன் உட்கார்ந்தே செய்யும் வேலை. ஓராண்டாக எந்நேரமும் அசதி, எதிலும் பிடிப்பில்லை, தாம்பத்திய ஆர்வமும் குறைந்துவிட்டது. முழு உடல் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 268 நானோகிராம் என்று வந்திருக்கிறது. 300க்குக் கீழே போனால் குறைபாடு என்று படித்தேன். மற்றபடி சர்க்கரையும் கொழுப்பும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஊசி போட்டுக்கொண்ட நண்பர் ஒருவர் இளமை திரும்பிவிட்டதாகச் சொல்கிறார். நானும் போட்டுக்கொள்ளலாமா டாக்டர்? (அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன்.)
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நகலை இணைத்தது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால், நீங்கள் கவனிக்காமல் விட்ட இரண்டு விஷயங்கள் அதில் இருக்கின்றன. முதலாவது, மேல் மூலையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் நேரம். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தவர்கள், ஹார்மோனுக்கு மட்டும் மாலை 4.20க்கு எடுத்திருக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. விடியற்காலையில் ஏறி, காலை 8 மணி வாக்கில் உச்சத்தில் இருந்து, பிறகு படிப்படியாக இறங்கும். முப்பதுகளிலும் நாற்பதுகளின் தொடக்கத்திலும் உள்ளவர்களுக்கு மாலை 4 மணி அளவு, காலை அளவைவிட 20 முதல் 25 சதவீதம் வரை குறைவாக இருக்கலாம். சாப்பிட்ட பிறகு அளந்தால் இன்னும் இறங்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் 268 என்பது காலையில் 340 ஆக இருந்திருக்கவும் கூடும். அதனால்தான் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாட்களில் அளந்து, இரண்டுமே குறைவாக இருந்து, கூடவே அறிகுறிகளும் இருந்தால் மட்டுமே குறைபாடு என்று சொல்ல வேண்டும் என்பது விதி. காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும் வாரத்தில் அளப்பதும் வீண்வேலை.

அந்த 300 என்ற எல்லைக்கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் 2018இல் வைத்த கோடு அது. அதே ஆண்டு அங்குள்ள நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம், பருமனில்லாத இளைஞர்களை அளந்து 264 என்று வைத்தது. வல்லுநர்களே இரண்டு இடங்களில் கோடு போட்டிருக்கும்போது, 299 வந்தவர் நோயாளி, 301 வந்தவர் ஆரோக்கியசாலி என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது விஷயத்தைத்தான் நீங்கள் "கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, ரத்தக் கொழுப்பின் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 238, நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். 34, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 92 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். பருத்த இடுப்பு, 150க்கு மேல் ட்ரைகிளிசரைடு, 40க்குக் கீழே ஹெச்.டி.எல்., 130/85ஐத் தொடும் ரத்த அழுத்தம், 100ஐத் தாண்டிய வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று இருந்தாலே அதற்கு வளர்சிதை மாற்றக் கோளாறு என்று பெயர். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமலே உங்களிடம் நான்கு இருக்கின்றன. என்னைக் கேட்டால், அந்த அறிக்கையில் கவலைப்பட வேண்டிய எண்கள் இவைதான். 268 பெரும்பாலும் இவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது.

எப்படி என்று பார்ப்போம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் விட்டுவிட்டு ஒரு சமிக்ஞையை அனுப்ப, அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்க, அதன் உத்தரவின்படி விந்தகங்கள் டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்கின்றன. தயாரான ஹார்மோனில் இரண்டு சதவீதம் அளவே தனித்து உலவுகிறது. மீதியில் ஒரு பகுதி ஆல்புமின் என்ற புரதத்தோடு தளர்வாகவும், இன்னொரு பகுதி எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதத்தோடு இறுக்கமாகவும் பிணைந்திருக்கும். இந்த எஸ்.ஹெச்.பி.ஜி.யைத் தயாரிப்பது கல்லீரல். வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, இன்சுலினுக்கு உடல் மசியாமல் போய், கணையம் மேலும் மேலும் இன்சுலினைக் கொட்டும்போது, கல்லீரலிலும் கொழுப்பு படிந்து, அது இந்தப் புரதத்தின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. விளைவாக, அறிக்கையில் வரும் மொத்த டெஸ்டோஸ்டிரோன் குறைந்து காட்டும். ஆனால் உடலுக்குப் பயன்படும் தனித்த பகுதி சரியாகவே இருக்கலாம். உங்கள் காலைப் பரிசோதனையில் எஸ்.ஹெச்.பி.ஜி.யையும் சேர்த்துக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

பருமன் மிகும்போது உண்மையான குறைவும் வரும். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரடையோல் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுகிறது; கொழுப்பிலிருந்து கசியும் அழற்சிப் பொருள்கள் ஹைபோதலாமஸின் சமிக்ஞையை மங்க வைக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை குறைந்து வயிற்றுக் கொழுப்பு கூடும். கொழுப்பு கூடினால் டெஸ்டோஸ்டிரோன் இன்னும் குறையும். இந்தச் சுழலை எந்த முனையில் அறுப்பது என்பதுதான் உங்கள் கேள்வி. இடுப்பு முனையில் அறுப்பதே நல்லது என்பது என் கருத்து.

அதற்காக எதிர்த்தரப்பை மறைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயது வரையிலான, தொப்பையும் சர்க்கரைக்கு முந்தைய நிலை அல்லது புதிதாகத் தெரிந்த சர்க்கரை நோயும் உள்ள 1,007 ஆண்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம் தரப்பட்டது. கூடவே பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. இரண்டாண்டு முடிவில் சர்க்கரை நோய் நிலையில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 12 சதவீதம், இரண்டாம் பிரிவில் 21 சதவீதம். பலன் மெய்தான். ஆனால் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தச் சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டி ரத்தம் கெட்டிப்பட்டது. ஊசியை நிறுத்தினால், தூங்கிப்போன சொந்தத் தயாரிப்பு மறுநாளே விழித்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், 43 வயதில் எடுத்த எடுப்பில் அங்கே போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

2002இல் அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த சர்க்கரைத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இரண்டே இலக்குகளை மேற்கொண்டவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரைக்கு அது 31 சதவீதம்தான். உங்கள் கணக்கில் 7 சதவீதம் என்பது ஆறரைக் கிலோ. நடையோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். இன்சுலின் சொல்லி உள்வாங்கப்படும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைதான் எடுத்துக்கொள்கிறது.

பேன்ட் அளவை நம்பாதீர்கள். தொப்பை வளர வளர நாம் பெல்ட்டைக் கீழே இறக்கிக்கொண்டே போவதால், பத்தாண்டுகளாக அதே 36 என்று பெருமைப்படும் ஆண்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் இன்ச் டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் அளவெடுங்கள். அது உங்கள் உயரத்தில் பாதிக்குள், அதாவது 84 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். ஒரேயடியாக அங்கே போய்ச் சேர வேண்டியதில்லை. 104 என்பது 96 ஆனாலே மற்ற எண்கள் அசையத் தொடங்கும்.

இதற்கிடையே காலைப் பரிசோதனை இரண்டு முறையும் குறைவாக வந்தால், எல்.எச்., புரோலாக்டின், தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு நாளமில்லாச் சுரப்பி நிபுணரைச் சந்தியுங்கள். எல்.எச். கூடியிருந்தால் கோளாறு விந்தகத்தில். கூடாமலே இருந்தால் மேலே, மூளையின் பக்கம். தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்கலும் சேர்ந்திருந்தால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது, உடனே போக வேண்டும்.

கேள்வி: டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று விளம்பரம் செய்யப்படும் 'பூஸ்டர்' மாத்திரைகள் பலன் தருமா?
வாசகர், வயது 35

பதில்: துத்தநாகமோ வைட்டமின் டியோ உடலில் உண்மையிலேயே பற்றாக்குறையாக இருந்தால், அந்தப் பற்றாக்குறையைச் சரிசெய்வது பயன் தரும். போதுமான அளவு இருப்பவர் மேலும் விழுங்கினால் எதுவும் ஏறாது. சில மாத்திரைகளில் உறையில் சொல்லாத சில்டனாஃபில் என்ற விறைப்பு மருந்து, ஸ்டீராய்டு போன்றவை கலந்திருந்ததை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்து எச்சரித்திருக்கின்றன. "சாப்பிட்ட அன்றே வித்தியாசம் தெரிந்தது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ஹார்மோன் பரிசோதனைக்கு முன் அதை ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது எண்ணையே தப்பாகக் காட்டும்.

கேள்வி: வயது 31. உடற்பயிற்சிக்கூடத்தில் பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டு எட்டு மாதம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டேன். உடம்பு நன்றாக ஏறியது. இப்போது குழந்தைக்காக முயல்கிறோம். விந்துப் பரிசோதனையில் உயிரணுவே இல்லை என்று வந்திருக்கிறது. மனைவிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆண்மைக்கான ஊசி போட்டு எப்படி இப்படி ஆகும்? இனி எனக்குக் குழந்தை பிறக்காதா?
பெயர் வேண்டாம்

பதில்: பிறக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஊசி வழியாக ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்ததும், தேவைக்கு மேல் சரக்கு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு மூளை தன் உத்தரவுகளை நிறுத்திவிடுகிறது. விந்தகத்தை இயக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் அடங்கிப்போகின்றன. விந்தணு உருவாவதற்கு, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விந்தகத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அதை வெளியிலிருந்து ஊசியால் நிரப்ப முடியாது. விந்தகமே தயாரித்தால்தான் உண்டு. ஆகவே உங்கள் கைத்தசை பருத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் விந்தகங்கள் வேலையில்லாமல் சுருங்கிக்கொண்டிருந்தன. ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே இந்த ஊசியை உலக சுகாதார நிறுவனம் பரிசோதித்தது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1990இல் வெளியான அந்த ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அறவே இல்லாமல் போனது. உங்கள் பயிற்சியாளருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தெரியாததை ஊசியில் ஏற்றிப் போட அவருக்கு என்ன உரிமை என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்படிப்பட்ட ஆய்வுகளில் ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஆறு மாதத்தில் மூன்றில் இருவருக்கும், ஓராண்டில் பத்தில் ஒன்பது பேருக்கும் மில்லிலிட்டருக்கு 2 கோடி என்ற அளவுக்கு விந்தணு திரும்பியது. அவர்கள் போட்டது அளந்த மருந்து. நீங்கள் போட்டது எது, எவ்வளவு, வேறென்ன கலந்தது என்பதைப் பொறுத்து உங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கலாம். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் ஆவதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்தால் போதும். இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுங்கள். ஊசியை நிறுத்திய முதல் சில மாதங்களில் சோர்வும் மனத்தளர்ச்சியும் வருவதுண்டு. அதற்குப் பயந்து மறுபடி ஊசிக்குத் திரும்புபவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். எனவே ஆண் மலட்டுத்தன்மைச் சிகிச்சை நிபுணரின் மேற்பார்வையிலேயே நிறுத்துங்கள். தேவைப்பட்டால் விந்தகத்தைத் தட்டியெழுப்ப ஹெச்.சி.ஜி. ஊசி, குளோமிஃபீன் மாத்திரை போன்றவற்றை அவர் தருவார். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். உங்கள் மனைவியிடமும்தான்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஒரு பக்க மார்பு மட்டும் வீங்கியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறான். சட்டையைக் கழற்றவே மறுக்கிறான். பெண் ஹார்மோன் கூடிவிட்டதா?
ஒரு தந்தை

பதில்: பருவ வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு இது ஏதோ ஓர் அளவில் வருகிறது. டெஸ்டோஸ்டிரோன் முழு வேகம் எடுப்பதற்குள் பெண் ஹார்மோனான எஸ்ட்ரோஜனின் கை சற்று ஓங்கிவிடும் இடைக்காலம் அது. காம்புக்கு நேர் பின்னால் பொத்தான் போலக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. மெத்தென்று பரவலாக இருந்தால் வெறும் கொழுப்பு. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் தானே வடிந்துவிடும். வேகமாகப் பெரிதானாலோ, காம்பிலிருந்து நீர் வடிந்தாலோ, விரையில் கட்டி தென்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கேள்வி: ஐந்தாண்டுகளாக இரவுப் பணி. பகலில் நான்கைந்து மணி நேரம்தான் தூக்கம். சாப்பாட்டைக் குறைத்தும் எடை ஏறுகிறது. இதற்கும் ஹார்மோனுக்கும் தொடர்பு உண்டா?
வாசகர், வயது 36

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. டெஸ்டோஸ்டிரோன் ஏறுவதே தூக்கத்தில்தான். 2011இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டதற்கே, பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. தூக்கம் குறைந்தால் இன்சுலினின் பேச்சையும் உடல் சரியாகக் கேட்பதில்லை. பசி கூடுகிறது, அதிலும் இனிப்பின் மீதும் கொழுப்பின் மீதும் நாட்டம் போகிறது. ஆகவே நீங்கள் சாப்பாட்டைக் குறைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் நாட்களிலும் கணக்கில் வராத கொறிப்பு எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

பகல் தூக்கம் துண்டு துண்டாகப் போவதற்கு வெளிச்சமும் செல்பேசியும்தான் பெரும்பாலும் காரணம். பணி முடிந்து திரும்பும்போதே கறுப்புக் கண்ணாடி அணிந்து, வந்ததும் அறையை இருட்டாக்கிப் படுங்கள். விட்ட தூக்கத்தை மாலையில் ஒன்றரை மணி நேரத் தூக்கத்தால் ஈடுகட்டலாம். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறீர்களா என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். ஆம் என்றால் தூக்க மூச்சுத்திணறலுக்கான பரிசோதனை செய்ய வேண்டும். அந்த நோயைக் கவனிக்காமல் டெஸ்டோஸ்டிரோன் போட்டால் அது மோசமாகும்.

கேள்வி: பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல ஆண்களுக்கும் ஒரு கட்டத்தில் ஹார்மோன் நின்றுவிடுமா? அதை ஈடுகட்டினால் முதுமையைத் தள்ளிப்போடலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 67

பதில்: நிற்காது ஐயா. சாய்வான பாதையில் இறங்குவதுபோல ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். பருமனும் நாள்பட்ட நோய்களும் அந்தச் சாய்வைச் செங்குத்தாக்கும். ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டபோது, குறைந்த அளவும் அதற்குரிய பாலியல் அறிகுறிகள் மூன்றும் ஒருசேர இருந்தவர்கள் 2 சதவீதம்தான்.

முதுமையைத் தள்ளிப்போடும் ஆசைக்கு வயது அதிகம். 1889இல் பிரௌன் செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், தம் 72ஆம் வயதில், நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விந்தகச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, மாடிப்படியில் ஓடி ஏறும் வலு திரும்பிவிட்டதாகப் பாரிஸ் அறிஞர் சபையில் அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் நீரில் அநேகமாகக் கரையாது என்பதால் அவருடைய சாற்றில் அது பலன் தரும் அளவுக்கு இருந்திருக்க வழியே இல்லை. படியேற வைத்தது நம்பிக்கைதான். அந்த ஹார்மோன் தனியே பிரித்தெடுக்கப்பட்டதும், செயற்கையாகத் தயாரிக்கப்பட்டதும் 1935இல்.

உண்மையான குறைபாடு உள்ளவர்களுக்குச் சிகிச்சை உதவும். தாம்பத்திய ஆர்வத்தில் அது தெளிவாகத் தெரியும், சுறுசுறுப்பில் அவ்வளவாகத் தெரியாது. இதய ஆபத்து உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் பூச்சு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டவில்லை என்பது ஆறுதல். ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டும் சற்றுக் கூடின. உங்கள் வயதில் சிகிச்சை தொடங்குவதற்கு முன் புராஸ்டேட், சிவப்பணுப் பங்கு இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டாண்டுகளாக எங்களுக்குள் உறவு இல்லை. அவரால் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். மருத்துவரிடம் வரவும் மறுக்கிறார். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?
ஒரு வாசகி

பதில்: விட்டுவிடக் கூடாது அம்மா, அது தாம்பத்தியத்துக்காக மட்டுமில்லை. ஆணுறுப்புக்குச் செல்லும் ரத்தக்குழாய்களின் குறுக்களவு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்; இதயத்தைப் போஷிக்கும் குழாய்களுக்கு அது மூன்று, நான்கு மில்லிமீட்டர். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து குழாய்களின் உட்சுவரைக் கெடுத்து, அவற்றை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கும்போது, குறுகலான குழாய்தான் முதலில் அகப்படும். விறைப்புக் குறைபாடு வந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் இதயம் தன் முதல் அறிகுறியைக் காட்டுவது பலரிடம் காணப்படுகிறது. உங்கள் கணவருக்கு இரண்டு ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன.

"அதற்காக டாக்டரிடம் போகலாம்" என்று அழைத்தால் எந்த ஆணும் வர மாட்டார். சர்க்கரைப் பரிசோதனையோடு இந்த முறை இதயத்தையும் பார்த்துவிடலாம் என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள். அது பொய்யும் இல்லை. இசிஜி, ரத்த அழுத்தம், கொழுப்பு, மூன்று மாத சராசரிச் சர்க்கரை ஆகியவற்றோடு காலை நேர டெஸ்டோஸ்டிரோனும் பார்க்கப்பட வேண்டும். சர்க்கரை நோய் உள்ள ஆண்களில் கணிசமானவர்களுக்கு அது குறைந்திருக்கும். மருத்துவர் அறைக்குள் அவர் தனியாகப் போகட்டும். நீங்கள் முன்கூட்டியே ஒரு சீட்டில் விஷயத்தை எழுதிக் கொடுத்துவிட்டால், பேச்சை மருத்துவரே எடுத்துக்கொள்வார். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்பது அவர் கேட்கப்போகும் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும். அது இருந்தால் குழாயும் நரம்பும் பெருமளவு நலமாக உள்ளன, மனக்கலக்கமே முக்கியக் காரணம் என்று கொள்ளலாம். இல்லையென்றாலும் சிகிச்சை உண்டு.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரச்சினைக்கான மாத்திரைகளைக் கூச்சப்பட்டு யாருக்கும் தெரியாமல் வாங்கிச் சாப்பிடுபவர்கள் உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மருந்தோடு அவை சேர்ந்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும். அதனால் அவர் தற்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், மேசை இழுப்பறையில் இருப்பவை உட்பட, ஒரு பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.